இடது முன்னங்கால்

காலை ஐந்து பத்து. கரகும் மணலில் காற்று இல்லை.
பதினேழாம் கோடு: மேற்கே இரண்டு கிலோமீட்டர்.
ஐம்பது மீட்டருக்கு ஒரு தரம் நின்று, குனிந்து, எழுதி, நடக்க வேண்டும்.
வெயில் ஏறிவிட்டால் தடங்களின் நிழல் போய்விடும்.
நிழல் போன தடம் வெறும் மணல்.

இலையே இல்லாத சக்சவுல் மரம், உயிருள்ளது, நாற்பத்திரண்டு.
பட்டது, ஒன்பது.
(பட்டதா தூங்குகிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன்.
இரண்டு மரங்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.)
துள்ளெலி: பக்கம்பக்கமாய் இரண்டு புள்ளி, பிறகு இடைவெளி, பிறகு இரண்டு புள்ளி,
யாரோ எதையோ சொல்லவந்து
முக்காற்புள்ளி வைத்து, மறுபடி முக்காற்புள்ளி வைத்து,
சொல்லாமலே போனதுபோல.
மணற்பூனை, உள்ளங்காலில் மயிர் என்பதால் மங்கல்.
உடும்பு, வாலிழுத்த கோடு ஒன்று.
ஆமை, ஓடு மட்டும். எண்ணிக்கையில் சேராது.

பிறகு அது.

கராகுலக். கருஞ்செவி என்று பொருள்.
படிவத்தில் முப்பத்தோராம் வரிசை.
பதினோரு ஆண்டுகளாக அங்கே ஹொம்மத்தின் கையெழுத்து:
ஒன்று. ஒன்று. ஒன்று.
அந்த ஒன்றின் மேல்தான் எங்கள் வேலி நிற்கிறது.
அதற்காகத்தான் எரிவாயுக் குழாய்
பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறது.

மண்டியிட்டேன். அளவுகோலை வைத்தேன்.
ஐந்தரை சென்டிமீட்டர், சரி. நகம் பதியவில்லை, சரி.
அடுத்ததும் ஐந்தரை. அதற்கடுத்ததும்.
பதினான்கு தடங்கள். பதினான்கும்
இடது முன்னங்கால்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே மூளி.
மூன்று கால்களை வீட்டில் வைத்துவிட்டு
எந்தப் பூனையும் வேட்டைக்கு வராது.

பக்கத்தில் கிளையால் பெருக்கிய மணல்.
பெருக்க மறந்த ஒரு குழி,
மனித முழங்காலின் அகலம்.

மீதி அறுநூறு மீட்டரையும் நடந்தேன்.
என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.
ஒரு குருவி கத்தியது; திரும்பவில்லை.
அதைக் குரலை வைத்துப் பிற்பாடு எழுதினேன்.

முகாமில் பச்சைத் தேநீர்.
ஹொம்மத் கிண்ணத்தில் ஊற்றினார், கெண்டிக்கே திருப்பி ஊற்றினார்,
மறுபடி கிண்ணத்தில்.
"சோனா, இருந்ததா?"
"ஒரு கால் இருந்தது."
மூன்றாம் தடவையும் ஊற்றினார். கை நடுங்கவில்லை.
"அச்சு பொய்யில்லை," என்றார்.
"முதல் வருஷம் உண்மையாகவே வந்தது.
பம்பு கசிந்த ஈரத்தில் ஒரு காலை வைத்துவிட்டுப் போனது.
எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாவைக் கரைத்து ஊற்றி எடுத்தேன்.
மற்ற மூன்றும் காய்ந்த மணலில். நிற்கவில்லை."
பிறகு சர்க்கரையை என் பக்கம் நகர்த்தினார்.
எடுத்துக்கொண்டேன்.
எடுத்துக்கொண்டதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாளும் பதினேழாம் கோட்டுக்கே போனேன்.
இரவுக் காற்று பாதியைத் தின்றிருந்தது.
ஒன்பதாவது பொய்க்குழியில் ஒரு கருவண்டு
விளிம்பேற, மணல் சரிய, மறுபடி ஏற.
ஏழாவதில் வண்டு இல்லை. இறக்கையோடு மட்டும்.
அதைத் தேடி ஒரு பல்லியின் கோடு
நேராக வந்துகொண்டிருந்தது, சட்டென வளைந்தது, நின்றது,
போகும்போது கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தது.

வராத மிருகத்தின் காலடியில்
யாரோ பசியாறிப் போயிருக்கிறார்கள்.

பல்லி, ஒன்று, என்று எழுதினேன்.
கருவண்டு, ஒன்று. அதைத் தூக்கி வெளியே விட்டேன்.
கணக்கெடுப்பவர் அப்படிச் செய்யக்கூடாது, விதி இருக்கிறது.
முப்பத்தோராம் வரிசையில் பூஜ்யம்.
மற்றதெல்லாம் மையில்,
அது மட்டும் பென்சிலில்.
ரப்பர், ஹொம்மத்தின் மேசையில் இருக்கிறது.